எச்டிஆர்10, எச்டிஆர்10 பிளஸ், டால்பி விஷன்: 4கே டிஸ்க் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து அத்தான் போன் செய்தார். லண்டனில் படிக்கிற என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது நான்கு 4கே ப்ளூரே டிஸ்க்குகள் கொண்டுவந்திருக்கிறான். மூன்று டப்பாக்களில் டால்பி விஷன் என்று அச்சடித்திருக்கிறது, ஒன்றில் வெறும் எச்டிஆர். (எச்டிஆர் என்பது பழைய முறையைவிடக் கூடுதல் வெளிச்சமும் ஆழமான இருட்டும் காட்டும் படமுறை. எச்டிஆர்10, எச்டிஆர்10 பிளஸ், டால்பி விஷன் மூன்றும் அதன் வகைகள்.) அத்தான் வீட்டு டிவியிலோ டால்பி விஷன் கிடையாது. பிளேயரும் இனிமேல்தான் வாங்க வேண்டும்.

"மாப்பிள்ளை, இந்த மூணும் நம்ம டிவியில ஓடாதா? அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்து அனுப்பிரட்டுமா?" என்றார்.

"ஓடும் அத்தான். எச்டிஆர் டிஸ்க் எதுவாக இருந்தாலும் அடியில் எச்டிஆர்10 இருக்கும். டிவி அதை எடுத்துக்கொள்ளும்."

"அப்ப மேல எதுக்கு இன்னொண்ணு?"

அந்தக் கேள்விக்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. டிவி வாங்கும்போதும் பிளேயர் வாங்கும்போதும் டிஸ்க் வாங்கும்போதும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேயர் வாங்கும்போது எச்டிஆர் முத்திரைகளைப் பாருங்கள், எத்தனை இருக்கிறதோ அத்தனை நல்லது. டிஸ்க் வாங்கும்போது அந்த முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். அந்தப் படத்தை எதிலிருந்து, எவ்வளவு அக்கறையோடு எடுத்தார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. டால்பி விஷனுக்கும் எச்டிஆர்10-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டுத் திரையைப் பொறுத்துப் பெரிதாகவும் இருக்கலாம், கண்ணுக்கே தெரியாமலும் போகலாம்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். திரையின் வெளிச்சத்தை நிட் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு மெழுகுவத்தி அளவு ஒளி வந்தால் அது ஏறத்தாழ ஒரு நிட். டிவிடியும் பழைய ப்ளூரேயும் 100 நிட்டை உச்சமாக வைத்துத் தயாரானவை. அந்த 100-க்குள்தான் சூரியனும் அடங்க வேண்டும், வெள்ளைச் சட்டையும் அடங்க வேண்டும். எச்டிஆர் வந்தபோது அந்தக் கூரையை 10,000 நிட் வரை உயர்த்தினார்கள். எந்த எண்ணுக்கு எத்தனை நிட் என்று வரையறுக்கிற அந்தக் கணக்கு 2014-இல் தரநிலையானது. அதை உருவாக்கியது டால்பி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ஆக, எச்டிஆர்10-க்கும் எச்டிஆர்10 பிளஸ்ஸுக்கும் அடியில் ஓடுவதும் டால்பி போட்ட கோடுதான். கடையில் எதிரிகள் போல வைத்து விற்கப்படும் இந்த மூன்றும் ஒரே அடுப்பில் சமைத்தவை.

நடைமுறையில் யாரும் 10,000 நிட்டில் படத்தைத் தயாரிப்பதில்லை. ஸ்டுடியோவில் வண்ணம் சேர்க்கும் கலரிஸ்ட் முன்னால் இருக்கும் மானிட்டர் பெரும்பாலும் 1,000 நிட் அல்லது 4,000 நிட். ஆரம்ப ஆண்டுகளில் சோனியின் 1,000 நிட் ஓஎல்இடி மானிட்டரும், டால்பியின் 4,000 நிட் மானிட்டரும்தான் இந்த வேலையின் இரு கண்கள். ஆனால் நம் வீட்டு டிவி 350 நிட்டாக இருக்கலாம், 700 ஆக இருக்கலாம். 4,000-இல் செய்த படத்தை 700-க்குள் எப்படி அடக்குவது? இதற்குப் பெயர் டோன் மேப்பிங். மூன்று வடிவங்களும் பிரிவது இந்த இடத்தில்தான்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் விருந்து. சமையல்காரரிடம் "ஒரு பந்திக்கு அதிகபட்சம் 1,000 பேர் வருவார்கள்" என்று மட்டும் சொல்கிறோம். அவரிடம் இருக்கும் அண்டாவோ 600 பேருக்கானது. பாவம், அவர் என்ன செய்வார்? எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் பந்திக்கும் கரண்டியைச் சின்னதாக்கிவிடுவார். முதல் நாள் ராத்திரி 80 பேர்தான் சாப்பிட வந்தார்கள் என்றாலும் அவர்களுக்கும் அதே சின்னக் கரண்டி. எச்டிஆர்10 இப்படித்தான். படத்தின் உச்ச வெளிச்சம் எவ்வளவு, மிக வெளிச்சமான ஃபிரேமின் சராசரி எவ்வளவு என்று முழுப் படத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குறிப்பு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் காட்சிக்கும் பாலைவன நண்பகலுக்கும் அதே குறிப்பு. எச்டிஆர்10 பிளஸ், டால்பி விஷன் இரண்டும் பந்திக்குப் பந்தி ஆள் கணக்கைச் சொல்லிவிடுகின்றன. ஷாட்டுக்கு ஷாட் குறிப்பு மாறும். 80 பேர் வந்தால் டிவி தாராளமாகப் பரிமாறும், 1,000 பேர் வரும்போது மட்டும் கரண்டியைச் சுருக்கும்.

எச்டிஆர்10-இல் இன்னொரு சங்கடம் உண்டு. அந்த ஒற்றைக் குறிப்பையே பல டிஸ்க்குகளில் நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். உச்சம் 0, சராசரி 0 என்று இருக்கும். அப்போது டிவி, படம் எந்த மானிட்டரில் செய்யப்பட்டது என்ற தகவலை வைத்து ஊகிக்கும். 4,000 நிட் மானிட்டரில் செய்த, ஆனால் எங்கேயும் 400-ஐத் தாண்டாத படத்துக்கும் 4,000 வரப்போகிறது என்று பயந்து சில டிவிகள் படத்தையே மங்கலாக்கிவிடும். "எச்டிஆர் போட்டால் இருட்டாகத் தெரிகிறது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிஸ்க் மோசம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

டால்பி விஷன் 2014-இல் அறிமுகமானது. ஷாட் வாரியான குறிப்பு அதன் ஒரு பாதிதான். மறுபாதியை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன்: டிவியின் திறனை முன்கூட்டியே அளந்து, இந்தத் திரையால் இவ்வளவு வெளிச்சம் தர முடியும், கருமை இவ்வளவு என்று அந்தக் கணக்கை டிவிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். ஆகவே ஊகத்துக்கு வேலை குறைவு. வேறு வேறு நிறுவன டிவிகளிலும் படம் ஓரளவு ஒரே மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். இதற்கு டிவி நிறுவனங்கள் டால்பிக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும்.

டிஸ்க்கில் வரும் டால்பி விஷனும் ஓடிடியில் வரும் டால்பி விஷனும் ஒன்றல்ல என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. டிஸ்க்கில் இரண்டு அடுக்குகள் இருக்கும். அடி அடுக்கு முழு 4கே எச்டிஆர்10 படம். அதன் மேல் இன்னொரு அடுக்கு. டால்பி விஷன் தெரியாத டிவி என்றால் பிளேயர் மேல் அடுக்கைத் தொடாமல் அடி அடுக்கை மட்டும் அனுப்பும். அத்தானின் டிஸ்க்குகள் ஓடுவது இதனால்தான். மேல் அடுக்கிலும் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் அது வெறும் கூடு, உள்ளே ஷாட் குறிப்புகள் மட்டும்தான் இருக்கும். மற்றவற்றில் 1920க்கு 1080 அளவில் உண்மையான படத் தகவலே இருக்கும். பிளேயர் இரண்டையும் சேர்த்து 12 பிட் படமாக்கும், அதாவது வானத்தின் நீலம் படிப்படியாக மாறும் இடங்களில் கோடு கோடாகத் தெரியும் வாய்ப்பு இன்னும் குறையும். எந்த வகை என்று டப்பாவில் போட மாட்டார்கள். என் கண்ணுக்கு இந்த இரண்டு வகைக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்காகவே டிஸ்க்கைத் தேடி வாங்கும் அன்பர்கள் இருக்கிறார்கள், அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் புதிதாக வாங்குபவர் இதில் இறங்க வேண்டாம்.

4கே டிஸ்க் கடைகளுக்கு வந்தது 2016-இல். முதல் ஓராண்டு எல்லாமே எச்டிஆர்10. டால்பி விஷனோடு முதல் டிஸ்க்குகள் 2017 ஜூனில் வந்தன. யுனிவர்சல் வெளியிட்ட டெஸ்பிக்கபிள் மீ படங்கள்தான் அந்த வரிசையைத் தொடங்கின. அதே 2017 ஏப்ரலில் சாம்சங்கும் அமேசானும் சேர்ந்து எச்டிஆர்10 பிளஸ்ஸை அறிவித்தன. ஆகஸ்டில் பானசோனிக்கும் 20ஆம் செஞ்சுரி ஃபாக்ஸும் சேர்ந்துகொண்டன. காட்சி வாரியான குறிப்பு உண்டு, படத்துக்குப் படம் உரிமத் தொகை கிடையாது, நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு நிர்வாகக் கட்டணம் கட்டினால் போதும். நல்ல யோசனைதான். ஃபாக்ஸ் அந்த வடிவத்தில் டிஸ்க்குகளை வெளியிட்டது. ஆனால் 2019 மார்ச்சில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியதும் டிஸ்க் பக்கம் எச்டிஆர்10 பிளஸ்ஸின் பெரிய தூண் சாய்ந்தது. இன்றைக்கு அந்த முத்திரையுள்ள டிஸ்க்குகள் டால்பி விஷன் டிஸ்க்குகளை விட மிகக் குறைவு. ஓடிடியில் அதன் நிலை பரவாயில்லை. 2025-இல் நெட்ஃபிளிக்ஸும் கொடுக்கத் தொடங்கியது.

(எச்எல்ஜி என்று இன்னொன்று டிவிப் பட்டியலில் இருக்கும். பிபிசியும் ஜப்பானின் என்எச்கேயும் நேரலை ஒளிபரப்புக்காக உருவாக்கியது. பட டிஸ்க் வாங்குபவர் அதை மறந்துவிடலாம்.)

டிவிகள் பக்கம் நிலைமை இப்படி. சாம்சங் டிவிகளில் எச்டிஆர்10 பிளஸ் உண்டு, டால்பி விஷன் கிடையாது. எல்ஜியிலும் சோனியிலும் டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10 பிளஸ் கிடையாது. பானசோனிக், பிலிப்ஸ், டிசிஎல், ஹைசென்ஸ் நிறுவனங்களின் பல மாடல்களில் இரண்டும் உண்டு. வேறு எல்லா விதத்திலும் சமமான இரண்டு டிவிகளுக்கு இடையே ஊசலாடுகிறீர்கள் என்றால் டிஸ்க் பிரியருக்கு டால்பி விஷன் உள்ளதுதான் பொருத்தம், ஏனென்றால் டிஸ்க்குகள் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆனால் சமமாக இல்லையென்றால், கருமை நன்றாகவும் வெளிச்சம் கூடுதலாகவும் உள்ள டிவியை எடுங்கள், அதில் எந்த முத்திரை இருந்தாலும் சரி. 350 நிட் டிவியில் டால்பி விஷன் முத்திரை ஒட்டி விற்கிறார்கள். அந்த முத்திரை அதன் வெளிச்சத்தை ஒரு நிட்கூடக் கூட்டாது.

அப்படியென்றால் ஷாட் வாரியான குறிப்பு யாருக்கு உண்மையில் பயன்படும்? திரை எவ்வளவு மங்கலோ அவ்வளவுக்குப் பயன். அண்டா சின்னதாக இருக்கும் வீட்டில்தான் பந்திக் கணக்கு உயிர்நாடி. ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய ஓஎல்இடி டிவி வைத்திருப்பவருக்கு, 600 அல்லது 700 நிட்டுக்குள் 4,000 நிட் படத்தை அடக்க வேண்டியிருப்பதால், டால்பி விஷன் டிஸ்க் நன்றாகவே வித்தியாசம் காட்டும். மேகத்துக்குள் இருக்கும் வடிவம், விளக்கின் இழை, வெல்டிங் பொறியின் நிறம் எல்லாம் வெள்ளையாக எரிந்துபோகாமல் நிற்கும். 1,500 நிட், 2,000 நிட் தரும் புதிய மினி எல்இடி டிவியில் 1,000 நிட்டில் செய்த எச்டிஆர்10 படம் ஓடினால், அடக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கே எச்டிஆர்10-உம் டால்பி விஷனும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் பிரித்துச் சொல்வது சிரமம். போதாததற்கு, இப்போது நல்ல டிவிகள் பலவும் ஒவ்வொரு ஃபிரேமையும் தாங்களே அலசி டோன் மேப்பிங் செய்கின்றன. எச்டிஆர்10-இன் குறையை அது பெருமளவு ஈடுகட்டும். ஆனால் சில டிவிகள் அந்த வசதியை வைத்துக்கொண்டு இருட்டுக் காட்சியையும் வெளுப்பாக்கிவிடும். போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் கதை தனி. பெரிய திரையில் விழும் ஒளி 100 நிட்டை ஒட்டித்தான் இருக்கும். அடக்கும் வேலை அங்கேதான் மிகக் கடினம், ஆனால் வீட்டுப் புரொஜெக்டர்களில் பெரும்பாலானவற்றில் டால்பி விஷன் கிடையாது. அவர்கள் டிஸ்க் முத்திரையை முற்றிலும் மறந்துவிட்டு, எச்டிஆர்10-ஐ நன்றாக டோன் மேப்பிங் செய்யும் புரொஜெக்டரிலோ பிளேயரிலோ பணத்தைப் போட வேண்டும். பானசோனிக் பிளேயர்களில் யுபி820, யுபி9000 போன்றவற்றில் எச்டிஆர் ஆப்டிமைசர் என்று ஒரு வசதி இருக்கிறது. உங்கள் திரை எந்த வகை என்று சொல்லிவிட்டால், பிளேயரே படத்தை அந்த வெளிச்சத்துக்குள் அடக்கி அனுப்பும். டால்பி விஷன் இல்லாத டிவிக்கும் இது நல்ல துணை. அத்தானுக்கு நான் யுபி820-ஐச் சொன்னதற்கு இதுதான் காரணம். அதில் டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸ்ஸும் இரண்டுமே உண்டு. நாளைக்கு டிவி மாறினாலும் பிளேயர் மாற வேண்டியதில்லை.

இதற்குப் போட்டி சோனியின் எக்ஸ்700, எக்ஸ்800எம்2. விலை குறைவு, படம் நன்றாகவே இருக்கும். டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10 பிளஸ் கிடையாது. ஒரு எரிச்சல்: டால்பி விஷனை மெனுவில் நாமே போட்டு நாமே அணைக்க வேண்டும். போட்டபடியே விட்டுவிட்டால் சாதா எச்டிஆர்10 டிஸ்க்கையும் டால்பி விஷனாக மாற்றி அனுப்பும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எழுந்து டப்பாவைப் பார்த்து மெனுவுக்குள் போக வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பானசோனிக் யுபி420 இன்னொரு பக்கம்: எச்டிஆர்10 பிளஸ் உண்டு, ஆப்டிமைசர் உண்டு, டால்பி விஷன் கிடையாது. டால்பி விஷன் இல்லாத டிவிக்கு இதுவே போதும், கையில் இருக்கும் டிவியை இன்னும் பல வருடம் மாற்றப்போவதில்லை என்றால்.

பிளேயர் வாங்க நினைப்பவர்கள் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்வேன். ரசிகர்கள் கொண்டாடிய ஓப்போ 2018-இல் இந்தத் தொழிலை விட்டது. சாம்சங் 2019-இல் புதிய பிளேயர்களை நிறுத்தியது. எல்ஜி 2024 இறுதியில் நிறுத்தியது. மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வீட்டில் பிஎஸ்5 அல்லது எக்ஸ்பாக்ஸ் இருந்தால் தனிப் பிளேயர் வேண்டாமே என்று பலர் கேட்பார்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 4கே டிஸ்க்கை ஓட்டும், ஆனால் எச்டிஆர்10 மட்டும்தான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் விளையாட்டுக்கும் ஓடிடிக்கும் டால்பி விஷன் உண்டு, டிஸ்க்குக்குக் கிடையாது. மாதம் ஒரு படம் பார்ப்பவருக்கு இவை போதும். அலமாரி நிறைய டிஸ்க் சேர்க்கப் போகிறவருக்குப் போதாது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்: டிஸ்க்.

கிறிஸ்டோபர் நோலனின் இன்டர்ஸ்டெல்லர், டன்கிர்க், டெனெட், ஓப்பன்ஹைமர் ஆகிய நான்கும் டிஸ்க்கில் எச்டிஆர்10 மட்டும்தான். டால்பி விஷன் இல்லை என்று யாராவது ஓப்பன்ஹைமரை வாங்காமல் விட்டார்களா? 2023 நவம்பரில் வந்த முதல் வாரத்திலேயே 4கே டிஸ்க் கடைகளில் தீர்ந்துபோனது. 65 எம்எம் பிலிமில் எடுத்த படம். அந்தப் பிலிமின் செழுமை டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்னியும் பல படங்களை ஓடிடியில் டால்பி விஷனோடும் டிஸ்க்கில் எச்டிஆர்10-ஓடும் கொடுக்கிறது. அது எனக்கு வருத்தம்தான். காசு கொடுத்து டிஸ்க் வாங்குபவருக்குக் குறைவாகக் கொடுப்பது நியாயமில்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புகை, மழை, இருட்டு மூலை போன்ற கடினமான இடங்களில் டிஸ்க்தான் ஜெயிக்கிறது.

காரணம் எளிது. நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க வினாடிக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது. டிஸ்க்கிலிருந்து படமும் ஒலியுமாக வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் வர முடியும். 66 ஜிபி, 100 ஜிபி டிஸ்க் முழுக்க ஒரே படத்துக்கு. ஷாட் குறிப்பு எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும், சுருக்கும்போது தூக்கி எறிந்த நுணுக்கத்தை அது திருப்பிக் கொண்டுவராது. ஒலியிலும் அப்படியே. ஓடிடியில் வரும் அட்மாஸ் என்ற டால்பி சுற்றொலி சுருக்கப்பட்டது. டிஸ்க்கில் ட்ரூஎச்டி வழியாக வருவது ஸ்டுடியோவில் முடித்த ஒலி, இழப்பில்லாமல். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் டிஸ்க் வாங்க ஒலி ஒன்றே போதுமான காரணம்.

டேவிட் லீனின் லாரன்ஸ் ஆஃப் அரேபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 65 எம்எம்மில் எடுத்து 1962-இல் வெளியானது. சோனி அதன் நெகட்டிவை 8கேயில் ஸ்கேன் செய்து மீட்டெடுத்து, 2020-இல் 4கே டிஸ்க்காக, படத்தை இரண்டு டிஸ்க்குகளில் பிரித்து வெளியிட்டது. டால்பி விஷன் உண்டு. ஆனால் அந்த மணற்பரப்பில் தூரத்தில் ஒரு புள்ளி ஆடி ஆடி ஆளாக மாறும் காட்சியைப் பார்த்து நான் மூச்சடைத்தது டால்பி விஷனால் அல்ல. எச்டிஆர்10-இல் பார்த்தாலும் அது அப்படித்தான் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. டெர்மினேட்டர் 2 படத்தின் 2017 டிஸ்க்கில் பிலிமின் துகள்தன்மையைத் துடைத்தெடுத்து, முகங்களை மெழுகுப் பொம்மை போல ஆக்கிவிட்டார்கள். 2024-இல் வந்த ட்ரூ லைஸும் இதே புகாரைச் சந்தித்தது. கணினி உதவியால் கூர்மையாக்கியதில் தோலும் முடியும் இயல்பாக இல்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இப்படிப்பட்ட டிஸ்க்கின் டப்பாவில் எத்தனை முத்திரை இருந்தாலும் என்ன? பழைய படம் ஒன்றை வாங்கும் முன் நான் தேடுவது இரண்டே தகவல்: புதிதாக நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தார்களா, துகளைத் துடைத்தார்களா.

புதிய படங்களில் இன்னொரு குழப்பம். 4கே டிஸ்க் என்றாலும் பல படங்கள் 2கேயில் (4கேயின் கால்பங்கு புள்ளிகளில்) முடிக்கப்பட்டு, பிறகு பெரிதாக்கப்பட்டவை. மேட் மேக்ஸ்: ப்யூரி ரோடும் அப்படித்தான். அதனால் வாங்க வேண்டாமா? நிச்சயம் வாங்கலாம். அந்த ஆரஞ்சு மணலும், ராத்திரி நீலமும், தீப்பிழம்பும் எச்டிஆரில் பார்க்க வேண்டியவை. அங்கே லாபம் வண்ணத்திலும் வெளிச்சத்திலும், கூர்மையில் அல்ல. நேர்மாறாக பிளேட் ரன்னர் 2049. அதன் 4கே டிஸ்க்கின் உச்ச வெளிச்சம் ஏறத்தாழ 200 நிட் அளவிலேயே நிற்கிறது. முதலில் பார்ப்பவர் "இது எச்டிஆரா?" என்று கேட்பார். ஆனால் அந்த மூடுபனியும் மஞ்சள் புழுதியும் அப்படி அடங்கி இருப்பதுதான் அந்தப் படம். கண்ணைக் கூச வைப்பது எச்டிஆரின் வேலையில்லை. 200 நிட் படத்தை எந்த டிவியும் அடக்க வேண்டியதே இல்லை என்பதால், இங்கே டால்பி விஷனுக்கு வேலையும் குறைவு.

அப்புறம், எந்த வடிவமானாலும் நம் வீட்டுக் கூடத்தில் பகல் வெளிச்சத்தில் போட்டால் எல்லாம் வீண். எச்டிஆரில் நிட் கணக்கு இருட்டறையை வைத்து எழுதப்பட்டது. ஜன்னல் திறந்திருந்தால் நிழல் பகுதிகள் மொத்தமாக மூழ்கிவிடும். ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அறை வெளிச்சத்தை உணர்ந்து மாற்றிக்கொள்ளும் டால்பி விஷன் ஐக்யூ, எச்டிஆர்10 பிளஸ் அடாப்டிவ் போன்ற வசதிகள் சில டிவிகளில் உண்டு, பகலில் ஓரளவு உதவும். டிவியின் எச்டிஎம்ஐ அமைப்பில் அந்தக் குறிப்பிட்ட துளைக்கு முழு 4கே வண்ண வசதியைத் திறந்துவிடுவதும் முக்கியம். பல டிவிகளில் அது மூடியே வரும், திறக்காவிட்டால் எச்டிஆரே வராது.

அத்தான் போன வாரம் பிளேயரை வாங்கி மாட்டிவிட்டார். வெளிநாட்டில் வாங்கி வரச் சொன்னால் மலிவு என்று யாரோ சொன்னார்களாம். அமெரிக்க மாடல்களில் பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருக முடியாது என்று சொல்லி நிறுத்தினேன். மருமகன் கொடுத்த நான்கு 4கே டிஸ்க்குகளும் ஓடின. 4கே டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, லண்டனில் வாங்கினாலும் நியூயார்க்கில் வாங்கினாலும் எங்கும் ஓடும்.

ஆனால் ஒரு டப்பாவுக்குள் கூடவே ஒரு சாதா ப்ளூரேயும் இருந்திருக்கிறது, படம் எடுத்த விதத்தைச் சொல்லும் ஒன்றரை மணி நேரப் பேட்டிகள் அதில்தான். அது ஓடவில்லை. சாதா ப்ளூரேக்குப் பூட்டு உண்டு: அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ மண்டலம், பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. பூட்டு போடுவதும் போடாததும் வெளியிடுபவர் விருப்பம் என்பதால் இதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. அத்தான் விடவில்லை. "அந்தப் பேட்டிய மட்டும் லண்டன்ல அவன் பிளேயர்ல பாத்துட்டு, எந்த ஸ்கேன்ல இருந்து எடுத்தாங்கன்னு எழுதி அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார்.